சட்டப் பட்டம் இல்லாமல் சட்ட மேற்படிப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மூன்றாண்டு சட்டப் படிப்பை (எல்.எல்.பி.) பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்ததைத் தொடர்ந்து, குமரி மாவட்டத்து வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன: வேறு பாடத்தில் பட்டம் பெற்ற ஒருவர் நேரடியாகச் சட்டத்தில் முதுகலைப் படிப்புக்கு (எல்.எல்.எம்.) விண்ணப்பிக்க முடியுமா? அவற்றில் சில கடிதங்களுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் பி.இ. கணினி அறிவியல் படித்துவிட்டுத் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இப்போது என் வேலை, வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் தனிநபர் தரவுகளைச் சட்டப்படி கையாள்வது தொடர்பானது. அதனால் சட்டம் படிக்கும் ஆசை வந்துவிட்டது. எல்.எல்.பி. இல்லாமலேயே பிரிட்டனில் ஓராண்டில் எல்.எல்.எம். முடித்துவிடலாம் என்றும், திரும்பி வந்த பிறகு வழக்கறிஞராகவோ சட்டக் கல்லூரி ஆசிரியராகவோ ஆகலாம் என்றும் எங்கள் ஊரில் ஒரு கல்வி ஆலோசனை நிலையத்தில் சொல்கிறார்கள். ரப்பர் தோட்டத்தை அடமானம் வைத்தாவது அனுப்புகிறேன் என்கிறார் அப்பா. அவர்கள் சொல்வதை நம்பலாமா? இந்தியாவிலேயே அப்படிப் படிக்க வழி உண்டா?
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அவர்கள் சொன்னதில் முற்பாதி உண்மை, பிற்பாதி உண்மையல்ல. உங்கள் குடும்பத்தின் தோட்டம் அந்தப் பிற்பாதியை நம்பித்தான் அடமானத்துக்குப் போக இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்தியாவைப் பார்ப்போம். இங்கே எல்.எல்.எம். படிப்பில் சேர எல்.எல்.பி. பட்டம் கட்டாயம், அது மூன்றாண்டுப் படிப்பாகவோ, பிளஸ் டூ முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டுப் படிப்பாகவோ இருக்கலாம். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் முதுகலைக்கு இடம் தரும் ‘கிளாட்’ நுழைவுத் தேர்வை எழுதுவதற்கே சட்டப் பட்டத்தில் பொதுப்பிரிவினர் 50 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சில் உருவாக்கி, 2021 ஜனவரியில் வெளியான முதுநிலைச் சட்டக் கல்வி விதிகள் இதை இன்னும் இறுக்கமாகச் சொல்கின்றன: எல்.எல்.பி. இல்லாத பட்டதாரிகளைச் சேர்த்துக்கொண்டு வணிகச் சட்டத்திலோ மனித உரிமையிலோ முதுகலைப் பட்டம் தரலாம். ஆனால் அந்தப் பட்டத்துக்கு எல்.எல்.எம். என்று பெயரிடக் கூடாது. ஆகவே பொறியியல் பட்டத்தோடு இந்தியாவில் நேரடியாக எல்.எல்.எம். சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அத்துடன் முடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே சில பல்கலைக்கழகங்கள், சட்டத்தோடு தொடர்புள்ள வேறு பாடத்தில் நல்ல தேர்ச்சியும் துறை அனுபவமும் உடையவர்களை எல்.எல்.எம். படிப்பில் சேர்த்துக்கொள்கின்றன. எல்லாப் பிரிவுகளிலும் அல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டம், அறிவுசார் சொத்துரிமை, சுற்றுச்சூழல், மனித உரிமை போன்ற பிரிவுகளில்தான் இந்த வாய்ப்பு அதிகம். அமெரிக்காவிலோ எல்.எல்.எம். பெரும்பாலும் ஏற்கெனவே சட்டம் படித்தவர்களுக்கானது; மற்றவர்களுக்கென்று ‘மாஸ்டர் ஆஃப் ஸ்டடீஸ் இன் லா’ போன்ற பெயர்களில் தனிப் படிப்புகள் வைத்திருக்கிறார்கள். எனவே விண்ணப்பிப்பதற்கு முன், ஆலோசனை நிலையத்தின் வண்ணத் தாளை ஒதுக்கிவிட்டு, அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் சேர்க்கைத் தகுதி என்ற பகுதியை நீங்களே திறந்து படியுங்கள். ‘சட்டத்தில் பட்டம்’ என்று மட்டும் இருந்தால் உங்களுக்கு அங்கே வழியில்லை. ‘சட்டம் அல்லது தொடர்புடைய பாடம்’ என்றோ, ‘பொருத்தமான பணி அனுபவம் கருத்தில் கொள்ளப்படும்’ என்றோ இருந்தால் வழி இருக்கிறது. ஐயம் இருந்தால், சேர்க்கை அலுவலகத்துக்கு உங்கள் பட்டம், மதிப்பெண், பணி ஆகிய மூன்றையும் நான்கு வரிகளில் எழுதி மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் வரும் பதிலை மட்டும் நம்புங்கள்.

விண்ணப்பத்தில் உங்களுக்குப் பலம் சேர்க்கப்போவது, ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்’ என்று அவர்கள் கேட்கும் கடிதம். ‘சிறு வயதிலிருந்தே எனக்கு நீதியில் ஆர்வம் அதிகம்’ என்று தொடங்கும் கடிதங்களை அங்கே படிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் பார்த்திருப்பார்கள். நீங்கள் செய்த வேலையை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவர் தம்மைப் பற்றிய தகவல்கள் முழுவதையும் அழித்துவிடும்படி கேட்டிருப்பார். நேரடித் தரவுத்தளத்தில் அழித்துவிட்டீர்கள், ஆனால் காப்பு நகல்களில் அதே தகவல் இன்னும் கிடக்கிறது. அதையும் அழித்தாக வேண்டுமா, எத்தனை நாளுக்குள், கணக்குத் தணிக்கைக்காக வைத்திருக்க வேண்டிய பதிவை என்ன செய்வது என்ற கேள்விகள் எழுந்திருக்கும். 2018 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை இதற்கு என்ன சொல்கிறது, நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்கே வேறுபடுகிறது, எந்த இடத்தில் சட்ட அறிவு இல்லாமல் நீங்கள் தடுமாறினீர்கள் என்று ஒரு நிகழ்வை முழுமையாக எழுதினால், சட்டப் பட்டம் இல்லாத குறையை அது பெருமளவுக்கு ஈடுசெய்யும். பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றையாவது இந்தப் பணியை அருகிலிருந்து பார்த்த மேலாளரிடம் வாங்குங்கள். கல்லூரி முதல்வரின் பொதுவான பாராட்டுக் கடிதத்தால் பெரிய பயன் இல்லை.

இனி அந்தப் பிற்பாதிக்கு வருகிறேன். இந்தியாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவு கேட்பது, பார் கவுன்சில் ஏற்றுக்கொண்ட அடிப்படைச் சட்டப் பட்டத்தை. எல்.எல்.எம். எத்தனை புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் வாங்கியதாக இருந்தாலும், அந்த இடத்தை அதனால் நிரப்ப முடியாது. ஆசிரியர் பணியும் அப்படியே. எல்.எல்.பி. இல்லாமல் வெளிநாட்டில் பெற்ற எல்.எல்.எம். பட்டத்தை இந்திய எல்.எல்.எம். பட்டத்துக்கு இணையாக ஏற்க முடியாது என்று, மேலே நான் குறிப்பிட்ட அதே பார் கவுன்சில் விதிகள் கூறுகின்றன. பிரிட்டனிலேயே தங்கி வழக்கறிஞராகிவிடலாம் என்று நினைத்தாலும், அந்த ஓராண்டுப் பட்டம் அதற்கான தகுதி ஆகாது. இங்கிலாந்தில் 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த, சொலிசிட்டர் என்னும் வழக்கறிஞருக்கான தகுதித் தேர்வின் இரண்டு பகுதிகளிலும் தேறி, இரண்டாண்டுத் தகுதிப் பணி அனுபவமும் பெற வேண்டும். அந்தத் தேர்வை எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் எழுதலாம் என்பதால், எல்.எல்.எம். அதற்கு ஒரு படியாகக்கூட அமையாது.

அப்படியானால் அந்தப் பட்டத்தால் யாருக்குப் பயன்? இப்போது செய்யும் துறையிலேயே தொடர்ந்து, அதில் மேல்நிலைக்குப் போக விரும்புகிறவருக்குப் பயன் உண்டு. மேலே சொன்ன 2023ஆம் ஆண்டுச் சட்டம், பெரிய அளவில் தரவு கையாள்வதாக மத்திய அரசு அறிவிக்கும் நிறுவனங்கள் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது. மீறல்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது. அந்த அதிகாரி சட்டப் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்று சட்டம் நிபந்தனை விதிக்கவில்லை. கணினியும் தெரிந்து சட்டமும் தெரிந்த உங்களைப் போன்றவர்களுக்கு அங்கே இடமிருக்கும் என்று நம்புகிறேன்.

ஆனால் அதற்காகத் தோட்டத்தை அடமானம் வைக்க வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. வேலையை விடாமலேயே தொடங்க வழிகள் இருக்கின்றன. புதுதில்லியில் உள்ள இந்தியச் சட்ட நிறுவனம் சைபர் சட்டத்திலும் அறிவுசார் சொத்துரிமைச் சட்டத்திலும் நடத்தும் இணையவழிச் சான்றிதழ்ப் படிப்புகளில் எந்தப் பட்டதாரியும் சேரலாம். பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி, சட்டப் பட்டம் இல்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டு ‘மாஸ்டர் ஆஃப் பிசினஸ் லாஸ்’ என்னும் இரண்டாண்டு முதுகலைப் படிப்பை நடத்துகிறது. அதன் பெயரில் எல்.எல்.எம். இல்லாததன் காரணம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். முதலில் இவற்றில் ஒன்றைப் படித்துப் பாருங்கள். சட்டப் புத்தகத்தோடு நாள் முழுவதும் உட்கார முடிகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

படித்த பிறகு, நீதிமன்றத்தில் நின்று வாதாட வேண்டும் என்றே மனம் சொன்னால், மூன்றாண்டு எல்.எல்.பி. தவிர வேறு குறுக்குவழி கிடையாது. தமிழ்நாட்டில் நமக்கு அருகில் உள்ள அரசுச் சட்டக் கல்லூரி திருநெல்வேலியில் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுச் சட்டக் கல்லூரிகளில் இந்தப் படிப்புக்குப் பட்டப் படிப்பின் மதிப்பெண் அடிப்படையிலேயே இடம் தருகிறார்கள்; நுழைவுத் தேர்வு இல்லை, கட்டணமும் குறைவு. நீங்கள் பணிபுரியும் திருவனந்தபுரத்தில் 1875ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசுச் சட்டக் கல்லூரி இருக்கிறது. ஆனால் கேரளத்தில் சேர அந்த மாநில நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். முடித்தபின் வழக்கறிஞராகப் பதிவு செய்ய, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, சட்டம் குறிப்பிடும் 750 ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அது 125 ரூபாய். ஓராண்டுக்கும் மூன்றாண்டுக்கும் இருக்கும் வித்தியாசத்தைத்தான் உங்களிடம் எல்லோரும் பேசுவார்கள். அந்த மூன்றாண்டில் கிடைப்பது இந்தியா முழுவதும் செல்லுபடியாகும் தகுதி என்பதை அப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிளஸ் டூ படிக்காமல், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக பி.ஏ. முடித்து, பிறகு எம்.ஏ.வும் முடித்திருக்கிறேன். முதுகலைப் பட்டம் இருப்பதால் எல்.எல்.எம். சேர முடியுமா? குறைந்தது எல்.எல்.பி.யாவது சேர முடியுமா?
— வாசகர், தக்கலை

பதில்: இரண்டுக்கும் முடியாது என்று எழுத எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளில் ஐந்தாம் விதி, அடிப்படைப் பள்ளிக் கல்வி இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாகப் பெற்ற பட்டத்தைச் சட்டப் படிப்புக்கான தகுதியாக ஏற்பதில்லை. அதற்கு மேல் பெற்ற முதுகலைப் பட்டம் இந்தக் குறையைச் சரிசெய்யாது. ஆனால் பிளஸ் டூ முடித்துவிட்டுத் தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, தகுதியிருந்தும் விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் நம் மாவட்டத்திலேயே உண்டு என்பதால் இதையும் சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி: நான் அரசு ஊழியர். எல்.எல்.எம். படிக்க முதலில் எல்.எல்.பி. வேண்டும் என்பது தெரியும். வெளிமாநிலக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தால், தேர்வுக்கு மட்டும் போனால் போதும், வருகைப்பதிவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு நண்பர் சொல்கிறார். சேரலாமா?
— வாசகர், தோவாளை

பதில்: கூடாது. மூன்றாண்டு எல்.எல்.பி. முழுநேரப் படிப்பு. காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில், வாரத்துக்கு 30 மணி நேரத்துக்குக் குறையாமல் வகுப்பு நடக்க வேண்டும் என்பதும், ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகை வேண்டும் என்பதும் விதி. நீங்கள் தோவாளையில் அலுவலகப் பதிவேட்டில் கையெழுத்திட்ட அதே நாளில், பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கல்லூரிப் பதிவேட்டிலும் வருகை தந்ததாக இருந்தால், அந்த இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும் உண்மை விளங்கிவிடும். வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது மட்டுமல்ல, உங்கள் பணியிலேயே அது ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாகலாம். படிக்கும்போது வேலையில் இருப்பவர்கள் அதை அறிவித்து, நிறுவனத்தின் தடையின்மைச் சான்றையும் தர வேண்டும் என்று 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. விரல்ரேகை வருகைப்பதிவையும் அதில் வலியுறுத்தியிருக்கிறது. துறையில் முறையாக விடுப்பு கிடைத்தால் படியுங்கள். கிடைக்காவிட்டால், உங்கள் பணிக்குப் பயன்படும் சட்டத்தில் தொலைநிலைப் பட்டயம் ஒன்றைப் படியுங்கள்.

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் குடும்ப நிலத்தின் பழைய ஆவணங்கள் திருவிதாங்கூர் காலத்தவை, மலையாளத்தில் உள்ளவை. அவற்றைப் புரிந்துகொள்வதற்காகவாவது சட்டம் படிக்க விரும்புகிறேன். எனக்கு வயது தடையா?
— வாசகர், குழித்துறை

பதில்: தமிழ்நாட்டில் மூன்றாண்டு எல்.எல்.பி. படிப்புக்கு உச்ச வயது வரம்பு இல்லை. பட்டத்தில் பொதுப்பிரிவினர் 45 விழுக்காடு, பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் 40 விழுக்காடு பெற்றிருந்தால் போதும். உடல்நலமும் குடும்பமும் இடம் கொடுத்தால் தாராளமாகச் சேருங்கள். ஆனால் ஆவணங்களைப் படிப்பதற்காக மட்டும் என்றால், கல்லூரிப் பாடத்திட்டத்தில் அதற்கு விடை கிடைக்காது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த நம் மாவட்டத்துக்கென்றே 1964ஆம் ஆண்டின் கன்னியாகுமரி ஸ்ரீபண்டாரவக நிலங்கள் ஒழிப்புச் சட்டம் போன்ற தனிச் சட்டங்கள் இருக்கின்றன. குழித்துறை, பத்மநாபபுரம் நீதிமன்றங்களில் நெடுங்காலம் சிவில் வழக்குகள் நடத்திய மூத்த வழக்கறிஞர் ஒருவரோடு அந்த ஆவணங்களை வைத்துக்கொண்டு சில மாலைகள் உட்கார்ந்தால், நீங்கள் தேடுவது அங்கேயே கிடைக்கும்.

கேள்வி: எம்.எஸ்சி. தாவரவியல் முடித்திருக்கிறேன். புவிசார் குறியீடு, காப்புரிமை ஆகியவற்றில் வேலை செய்ய ஆசை. அதற்கு எல்.எல்.எம். தேவையா?
— வாசகி, ஈத்தாமொழி

பதில்: தேவையில்லை, உங்கள் அறிவியல் பட்டமே இங்கே பெரிய தகுதி. 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி, காப்புரிமை முகவராகப் பதிவு செய்ய அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் பெற்று, 21 வயது நிறைந்து, அதற்கான தகுதித் தேர்வில் தேற வேண்டும், எல்.எல்.பி. பட்டம் மட்டும் பெற்ற ஒருவரால் அந்தத் தேர்வை எழுத முடியாது. உங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும், நம் மாவட்டத்து மட்டி வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பதிவேடு சென்னையிலேயே இயங்குகிறது. விண்ணப்பத்தில் ஒரு பயிரின் தனித்தன்மைக்கும் அந்த மண்ணுக்கும் உள்ள தொடர்பை நிறுவ வேண்டிய பகுதியை எழுதுவதற்கு உங்களைப் போன்ற தாவரவியலாளர்தான் வேண்டும். சட்டப் பகுதிக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பட்டயம் போதுமான தொடக்கம்.

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, மீனவக் குடும்பங்களிடையே ஒரு தொண்டு நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். ஆழ்கடலுக்குப் போனவர்கள் அந்நிய நாட்டுக் கடற்படையிடம் பிடிபடும்போதும், கடலில் இறந்துபோகும்போதும் வீட்டுப் பெண்கள் முதலில் எங்களிடம்தான் வருகிறார்கள். நீதிமன்றத்துக்குப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. சட்டம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மேற்படிப்பு எது பொருத்தமாக இருக்கும்?
— வாசகி, குளச்சல்

பதில்: உங்களுக்கு வேண்டியது பட்டத்தின் பெயர் அல்ல என்பதை நீங்களே தெளிவாக எழுதிவிட்டீர்கள். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியலும் குற்றவியல் நீதியும் முதுகலைப் பாடமாக இருக்கிறது. இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தில் குற்றவியல் நீதியில் முதுநிலைப் பட்டயம் இருக்கிறது. இரண்டுக்கும் சட்டப் பட்டம் தேவையில்லை. ஆனால் உங்கள் பணிக்கு உடனடியாகத் தேவைப்படும் சட்டம் இவற்றின் பாடத்திட்டத்தில் சிறிதளவே இருக்கும் என்பதால், அதை நீங்கள் தனியாகவும் தேடிப் படிக்க வேண்டும்.

முதலில் ஐக்கிய நாடுகளின் கடல் சட்ட உடன்படிக்கையில் 73ஆம் பிரிவைப் படியுங்கள். ஒரு நாடு தன் பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்தில் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை அந்த நாட்டுக்கு மீன்பிடி உரிமையுள்ள கடற்பகுதியில்) மீன்பிடி விதியை மீறியதாக வெளிநாட்டுப் படகைப் பிடித்தால், நியாயமான பிணைத்தொகையைப் பெற்றுக்கொண்டு படகையும் ஆட்களையும் விரைவில் விடுவிக்க வேண்டும். சம்பந்தப்பட்ட நாடுகளுக்கு இடையே உடன்பாடு இல்லாத நிலையில் சிறைத் தண்டனை விதிக்கக் கூடாது. படகு எந்த நாட்டுக்குரியதோ அந்த நாட்டுக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஆனால் கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள அந்த நாட்டின் எல்லைக் கடலுக்குள் பிடிபட்டால் இந்தப் பாதுகாப்பு அப்படியே பொருந்தாது. ஆகவே ஒரு பெண் உங்கள் முன்னால் வந்து அமரும்போது, படகு எந்த இடத்தில் பிடிபட்டது, கடைசியாக வயர்லெஸ்ஸில் பேசியது எப்போது, படகின் பதிவு எண் என்ன என்ற மூன்றையும் அன்றைக்கே எழுதி வாங்குங்கள். மாவட்ட ஆட்சியருக்கும் மீன்வளத் துறைக்கும் போகும் மனுவின் பலம் பெரும்பாலும் அந்தத் தகவல்களில்தான் இருக்கிறது. அடுத்ததாக, படகு உரிமையாளரிடம் கூலிக்குப் போனவர் இறந்தால் 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது நடைமுறையில் உள்ள 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் இழப்பீட்டு விதிகள் எப்போது பொருந்தும் என்பதையும், 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தையும் படித்துவிடுங்கள்.

இவற்றைத் தனியாகப் படிப்பது கடினமாக இருந்தால், நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் சட்டத் தன்னார்வத் தொண்டராகச் சேர விண்ணப்பியுங்கள். சட்டப் பட்டம் கேட்கமாட்டார்கள், பயிற்சியும் அளிப்பார்கள். இலவச சட்ட உதவிக்கான மனுவை உங்கள் கையாலேயே எழுதி, அந்தக் குடும்பத்தை ஒரு வழக்கறிஞரிடம் கொண்டுசேர்க்கும் வழியும் அங்கிருந்து கிடைக்கும்.